டிக் அடித்ததை மட்டும் திறக்கட்டும்: ஆட்டோஇட், எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

சிவகாசியில் ஒரு டிசைன் கடையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதும் என் வேலைகளில் ஒன்று. கல்யாணப் பத்திரிகை, காலண்டர், நோட்டீஸ், புத்தக லேஅவுட் எல்லாம் இங்கே வரும். கம்ப்யூட்டர் மூன்று, ஆட்கள் ஐந்து பேர். அதனால் முன் அறையில் இருக்கும் மெஷினில் காலையில் லேஅவுட் அக்கா உட்காருவார், மதியத்துக்கு மேல் ஸ்கேன் வேலைக்கும் பில் போடவும் ஒரு தம்பி வருவான், ராத்திரி கடை சாத்துவதற்கு முன்னால் அண்ணாச்சி டேலியைத் திறந்து அன்றைய கணக்கைப் பார்ப்பார். நான்கு ஜிபி ராம், எஸ்எஸ்டி கிடையாது, பழைய ஹார்டு டிஸ்க். இந்த ஒரு மெஷினுக்காகத்தான், கம்ப்யூட்டர் வேலைகளைத் தானாகச் செய்யவைக்கும் ஆட்டோஇட்டை நான் தேடிப் போனேன்.

முன்பெல்லாம் என்ன நடக்கும் என்றால், எப்போதோ யாரோ ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் போட்டுவைத்த ஏழு புரோகிராமும் மெஷினை ஆன் செய்ததும் ஒன்றாகக் கிளம்பும். கோரல்டிரா, போட்டோஷாப், பேஜ்மேக்கர், டேலி, குரோம், ஸ்கேனர் சாஃப்ட்வேர், தமிழில் டைப் செய்வதற்கான என்எச்எம் ரைட்டர். டிஸ்க் கரகரவென்று ஓடிக்கொண்டே இருக்கும், மவுஸ் நகர்ந்தால் அரை நிமிடம் கழித்துத்தான் திரையில் தெரியும், அக்கா டீ வாங்கிக் குடித்துவிட்டு வந்தாலும் போட்டோஷாப் பாதியில்தான் நிற்கும். அக்காவுக்கு டேலி எதற்கு? அண்ணாச்சிக்கு கோரல் எதற்கு? சரி, எல்லாவற்றையும் ஸ்டார்ட்அப்பில் இருந்து எடுத்துவிட்டேன். அப்போது வேறு புகார் வந்தது: ஒவ்வொன்றாகத் தேடித் திறக்க வேண்டியிருக்கிறது, டெஸ்க்டாப் முழுக்கப் பத்திரிகை ஃபைல்களாகக் கிடப்பதில் ஐகானே கண்ணில் படவில்லை, தமிழ் ரைட்டரைத் திறக்க மறந்து பாதி டைப் செய்த பிறகுதான் ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டிருந்தது தெரிகிறது என்று.

ஆக, எங்களுக்கு வேண்டியிருந்தது இரண்டுக்கும் நடுவில் ஒன்று. மெஷின் ஆன் ஆனதும் ஒரு சின்ன விண்டோ வர வேண்டும், ஏழு பெயர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு செக்பாக்ஸ், கீழே 'திற' என்று ஒரு பட்டன். வருகிறவர் தனக்கு வேண்டியதில் டிக் அடித்து பட்டனை அழுத்தினால், டிக் அடித்தது மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்க வேண்டும். இன்றைக்கு என்ன வேலை என்பது நாற்காலியில் உட்காருகிறவருக்குத்தான் தெரியும். என்றைக்கோ ஸ்டார்ட்அப்பில் போட்டுவைத்த ஃபோல்டருக்குத் தெரியாது. எட்டு மாதமாக இதை ஓட்டிப் பார்த்த பிறகும் எனக்கு இதில் கருத்து மாறவில்லை. அந்த முடிவைத் தினமும் அந்தந்த ஆளிடம் விடுவதற்கு செக்பாக்ஸைவிட எளிதான வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, ரேஷன் கடை படிவத்திலேயே எல்லோரும் டிக் அடித்துப் பழகியவர்கள்தான்.

ஆட்டோஇட் விண்டோஸுக்கு மட்டுமான இலவச ஸ்கிரிப்ட் மொழி. 1999இல் ஜொனாதன் பென்னட் தொடங்கியது, இப்போது நாம் பயன்படுத்தும் மூன்றாம் பதிப்பு 2004இல் வந்தது. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஆள் உட்காராமலே சாஃப்ட்வேர் போட்டு செட்டிங் மாற்றுவதற்காகத்தான் முதலில் உருவாக்கினார்கள், அதனால் புரோகிராமைத் திறப்பது, அதன் விண்டோ வரும்வரை காத்திருப்பது, பட்டனை அழுத்துவது இதெல்லாம் அதற்குப் பிறவிக் குணம். எழுதும் முறை பள்ளிக்கூடத்தில் படித்த பேசிக் மாதிரியே இருக்கும். நான் முறையாக புரோகிராமிங் படித்தவன் இல்லை, பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்ததோடு சரி, ஆனாலும் முதல் நாள் சாயங்காலமே ஒரு விண்டோவும் ஏழு செக்பாக்ஸும் திரையில் வந்துவிட்டன.

அதற்கு முக்கியக் காரணம் கூடவே வரும் ஹெல்ப் ஃபைல். இதைத் தனியாகப் பாராட்டியே ஆக வேண்டும். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம், என்ன கொடுக்க வேண்டும், என்ன திரும்பி வரும், தப்பு நடந்தால் எப்படித் தெரியும், கடைசியில் அப்படியே எடுத்து ஓட்டிப் பார்க்கும்படி ஒரு முழு உதாரணம். இன்டர்நெட் இல்லாத மெஷினில் உட்கார்ந்தும் கற்றுக்கொள்ளலாம். எங்கள் ஏரியாவில் மின்வெட்டு வந்தால் இணைய மோடம் போய்விடும், யுபிஎஸ்ஸில் மெஷின் மட்டும் கொஞ்ச நேரம் ஓடும், அந்த நேரத்தில்கூட நான் இதைப் படித்து எழுதியிருக்கிறேன். கூடவே வரும் சைட் எடிட்டரில் எழுதி எஃப்5 அழுத்தினால் உடனே ஓடும். கோடு எழுதுகிற இடமும் ஓட்டிப் பார்க்கிற இடமும் ஒன்றாகவே இருப்பது புதிதாக வருகிறவர்களுக்குப் பெரிய நிம்மதி.

விண்டோ உருவாக்குவதற்கு ஒரு கட்டளை, செக்பாக்ஸ் போடுவதற்கு ஒன்று. செக்பாக்ஸுக்கு எழுத்து, இடப்பக்கத்தில் இருந்து எவ்வளவு, மேலே இருந்து எவ்வளவு என்று கொடுத்தால் போதும். ஏழு வரியாக எழுதாமல், பெயர்களை ஒரு வரிசையாக வைத்துக்கொண்டு ஃபார் லூப்பில் ஒவ்வொன்றையும் 30 பிக்சல் கீழே கீழே தள்ளிப் போட்டேன். அகலம் என்று எதுவும் கொடுக்காமல் விட்டால் எழுத்தின் நீளத்துக்கு ஏற்ப அதுவே எடுத்துக்கொள்ளும். நான் முதலில் 100 பிக்சல் என்று கொடுத்ததில் தமிழ்ப் பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டன, தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அதிக இடம் கேட்கும் என்பதைத் தமிழில் விண்டோ செய்கிற யாரும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்வது நல்லது. எழுத்தளவை 12 ஆக வைத்ததும் அண்ணாச்சி கண்ணாடி போடாமலே படித்தார்.

இப்போது இதைப் பயன்படுத்துகிற எல்லோரும் ஒருமுறையாவது சிக்கும் இடத்துக்கு வருகிறேன், இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே எனக்கு ஒரு முழு ராத்திரி போனது. 'திற' பட்டனை அழுத்தியதும் ஒவ்வொரு செக்பாக்ஸிலும் டிக் இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் படித்துப் பார்க்க வேண்டும். அதற்கான கட்டளை ஜியுஐ கன்ட்ரோல் ரீட். நான் எழுதியது இப்படி: படித்தால் ஏதாவது வருகிறதா, வந்தால் அந்த புரோகிராமைத் திற. ஓட்டினேன். குரோமில் மட்டும் டிக் அடித்து பட்டனை அழுத்தினேன், ஏழும் திறந்தன. எதிலுமே டிக் அடிக்காமல் அழுத்தினேன், அப்போதும் ஏழும் திறந்தன. முன்பு ஸ்டார்ட்அப் ஃபோல்டர் செய்த அதே வேலையை இப்போது நானே கையால் எழுதி வைத்தது போல ஆகிவிட்டது.

காரணம் ஹெல்ப் ஃபைலில் தெளிவாகவே இருக்கிறது. டிக் இருந்தால் 1 வரும், டிக் இல்லாவிட்டால் பூஜ்யம் வராது, 4 வரும். பாதி டிக் என்று சாம்பல் நிறத்தில் ஒரு நிலை உண்டு, அதற்கு 2. பூஜ்யம் தவிர எந்த எண் வந்தாலும் 'ஆம்' என்றுதான் இஃப் எடுத்துக்கொள்ளும், ஆகவே 4 வந்தாலும் ஆம்தான். 'ஏதாவது வருகிறதா' என்று கேட்கவே கூடாது, 'வந்தது ஜியுஐ செக்டுக்குச் சமமா' என்றுதான் கேட்க வேண்டும், ஜியுஐ செக்டு என்பது அந்த 1க்கு வைத்த பெயர். அந்தச் சொல்லை ஸ்கிரிப்ட் புரிந்துகொள்ள, மேலே ஜியுஐ கான்ஸ்டன்ட்ஸ் ஃபைலை இன்குளூட் என்று ஒரு வரி சேர்க்கவும் வேண்டும். ஹெல்ப் ஃபைலின் செக்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் உதாரணத்தில் இதற்கென்றே இஸ்செக்டு என்று ஒரு குட்டி ஃபங்ஷன் எழுதியே வைத்திருக்கிறார்கள், அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த 1, 4 கணக்கைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் உங்களுக்கு ஒரு ராத்திரி மிச்சம்.

அடுத்தது திறக்கும் வேலை. இதற்கு இரண்டு கட்டளைகள் உண்டு, ரன் என்று ஒன்று, ஷெல்எக்ஸிக்யூட் என்று ஒன்று. ரன்னுக்கு ஈஎக்ஸ்ஈ ஃபைலின், அதாவது புரோகிராம் ஃபைலின், பாதையைத்தான் கொடுக்க வேண்டும். பிடிஎஃப், ஃபோல்டர், இணைய முகவரி இவற்றைக் கொடுத்தால் திறக்காது, அதற்கு ஷெல்எக்ஸிக்யூட்தான். அக்கா தினமும் திறக்கும் ஆர்டர் ஃபோல்டரையும் பட்டியலில் எட்டாவதாகச் சேர்க்கச் சொன்னபோதுதான் எனக்கு இந்த வித்தியாசம் உறைத்தது. ரன்னில் ஒரு வசதி, திறந்த புரோகிராமின் எண்ணைத் திருப்பித் தரும், திறக்க முடியாவிட்டால் தப்பு என்று காட்டும், அதை வைத்து 'கோரல் திறக்கவில்லை, பாதையைச் சரிபாருங்கள்' என்று தமிழிலேயே ஒரு செய்திப் பெட்டி வர வைத்தேன். இன்னொன்று, பாதையில் இடைவெளி இருந்தால், புரோகிராம் ஃபைல்ஸ் என்ற ஃபோல்டர் பெயரிலேயே இடைவெளி இருக்கிறதே, அந்தப் பாதையை ரெட்டை மேற்கோளுக்குள் வைத்து, அதற்கும் வெளியே ஒற்றை மேற்கோள் போட வேண்டும். அப்புறம், பழைய சாஃப்ட்வேர் சிலவற்றுக்குத் தன்னுடைய ஃபோல்டருக்குள் இருந்து கிளம்பினால்தான் தன் செட்டிங் ஃபைல் கிடைக்கும், அதற்கு ரன்னில் இரண்டாவதாக வேலை செய்யும் ஃபோல்டர் என்று ஓர் இடம் இருக்கிறது. அதை நிரப்பாமல் விட்டு, எங்கள் பழைய பில் சாஃப்ட்வேர் ஒவ்வொரு முறையும் புதிதாக நிறுவியது போலக் கடைப் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தது.

டிக் அடித்த நான்கும் ஒரே நொடியில் கிளம்பினால் பழைய டிஸ்க் திணறத்தான் செய்யும், செக்பாக்ஸ் வைத்ததில் பாதிப் பயன் போய்விடும். ஒன்று திறந்து முடிந்த பிறகுதான் அடுத்தது கிளம்ப வேண்டும். இதற்கு நான் முதலில் பிராசஸ் வெயிட் கட்டளையைப் போட்டேன், அது உதவவில்லை, ஏனென்றால் பிராசஸ் என்பது கிளம்பிய கணமே பட்டியலில் வந்துவிடும், விண்டோ வர அதற்குப் பிறகும் ஒரு நிமிடம் ஆகலாம். வின் வெயிட்தான் சரி: இந்தத் தலைப்புள்ள விண்டோ வரும்வரை நில், அதிகபட்சம் 60 நொடி என்று கொடுத்துவிடலாம். அந்த 60ஐக் கொடுக்காமல் விட்டால், புரோகிராம் ஏதோ காரணத்தால் திறக்காத நாளில் நம் ஸ்கிரிப்டும் அங்கேயே காத்துக்கொண்டு நிற்கும். தலைப்பிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சாதாரணமாக ஆட்டோஇட் தலைப்பின் ஆரம்ப எழுத்துகளைத்தான் ஒப்பிடும், ஆனால் நிறைய புரோகிராம்கள் முதலில் ஃபைல் பெயரையும் பிறகுதான் தங்கள் பெயரையும் தலைப்பில் எழுதும், நோட்பேடே அப்படித்தான். வின் டைட்டில் மேட்ச் மோடை 2 என்று மாற்றிவிட்டால் பெயர் தலைப்பில் எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துவிடும். என்எச்எம் ரைட்டர் மாதிரி கடிகாரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் புரோகிராமுக்கு விண்டோவே வராது, அதற்கு மட்டும் வின் வெயிட்டை விட்டுவிட்டு, பிராசஸ் எக்ஸிஸ்ட்ஸ் வைத்து ஏற்கெனவே ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். ஓடிக்கொண்டிருந்தால் மறுபடி திறக்காது. மதியம் தம்பி வந்து மறுபடி பட்டனை அழுத்தினாலும் குரோம் இரண்டாக வராமல் இருப்பதும் இதே சோதனையால்தான்.

இந்தக் காத்திருப்பைச் சேர்த்த அன்று காலையில் நான் அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரைட்டர், கோரல், ஆர்டர் ஃபோல்டர் மூன்றில் டிக். ரைட்டர் ஓரமாகப் போய் உட்கார்ந்தது, கோரல் முழுதாக வந்து நின்றது, அதற்குப் பிறகுதான் ஃபோல்டர் திறந்தது. நடுவில் மவுஸ் ஒருமுறைகூடச் சிக்கவில்லை. அக்கா திரும்பி, "தம்பி, புது மெஷின் வாங்கிட்டாங்களா?" என்று கேட்டார். உள்ளே ஒரு ஸ்க்ரூகூட மாற்றவில்லை.

தமிழில் செய்கிறவர்களுக்கு என்று ஒரு விஷயம், இதை வேறு எங்கும் நான் தமிழில் படித்ததில்லை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் புரோகிராம் சேர்க்க ஸ்கிரிப்டைத் திருத்த வேண்டாம் என்று, பெயரையும் பாதையையும் ஒரு ஐஎன்ஐ ஃபைலில் வைத்தேன். சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான், ஒரு வரிக்கு ஒரு பெயர், சமக்குறி, பாதை. ஐஎன்ஐ ரீட் செக்ஷன் என்ற ஒரே கட்டளை அத்தனை வரியையும் ஒரு வரிசையாகக் கொண்டுவந்து கொடுத்துவிடும், எத்தனை வரி என்ற எண்ணிக்கையும் முதல் இடத்திலேயே இருக்கும். அருமையான ஏற்பாடு. ஆனால் ஐஎன்ஐயில் 'ஸ்கேனர்', 'கணக்கு' என்று தமிழில் எழுதி, நோட்பேடில் வழக்கம்போல யுடிஎஃப்-8 (எழுத்துகளை ஃபைலில் எண்களாகச் சேமிக்கும் ஒரு முறை) ஆக சேவ் செய்து ஓட்டினால், விண்டோவில் தமிழ் வரவில்லை. தலையில் சாய்வுக்கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் போட்ட குறியும் மாறி மாறி வரிசையாக வந்தன. தமிழ் எழுத்தும், அதோடு சேரும் கால், கொம்பு போன்ற குறியும் ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8இல் மூன்று பைட். முதல் இரண்டு பைட்டும் பெரும்பாலும் ஒன்றேதான், அவற்றைப் பழைய ஆன்சி முறையில் படித்தால் அந்த ஏயும் அந்த ஆர் குறியும்தான் கிடைக்கும். ஐஎன்ஐ ஃபைலைப் படிப்பது விண்டோஸின் பழைய வழிமுறை, அதற்கு யுடிஎஃப்-8 தெரியாது, யுடிஎஃப்-16 தெரியும். நோட்பேடில் சேவ் ஆஸ் போய், கீழே என்கோடிங் என்ற இடத்தில் யுடிஎஃப்-16 எல்ஈ என்று தேர்ந்தெடுத்து சேவ் செய்தால் போதும், அத்தனை தமிழும் சரியாக வந்துவிடும். ஸ்கிரிப்ட் ஃபைலை மட்டும் யுடிஎஃப்-8இலேயே, பாம் (ஃபைலின் தொடக்கத்தில் அதன் என்கோடிங்கைக் காட்டும் குறி) சேர்த்து வைத்துக்கொள்கிறேன், அதில் எழுதிய தமிழ் எந்தச் சிக்கலும் இல்லாமல் வருகிறது.

ஐஎன்ஐயின் இன்னொரு பயன், நேற்று எதில் டிக் அடித்தோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது. மூன்று பேருக்கும் விண்டோவின் மேலே மூன்று பட்டன்கள் வைத்தேன், காலை, மதியம், கணக்கு. எதை அழுத்தினாலும் அந்த ஆள் கடைசியாக வைத்திருந்த டிக்குகள் அப்படியே வந்து நிற்கும், வேண்டுமானால் ஒன்றிரண்டை மாற்றிக்கொண்டு 'திற' அழுத்தலாம். டிக்கைத் திரும்பப் போடுவதற்கு ஜியுஐ கன்ட்ரோல் செட் ஸ்டேட். இங்கேயும் டிக் எடுப்பதற்குப் பூஜ்யம் கொடுக்கக்கூடாது, அதே 4தான், ஜியுஐ அன்செக்டு என்று பெயராகவே எழுதிவிட்டால் குழப்பம் இல்லை. டேப் விசையில் நகர்ந்து ஸ்பேஸ் பாரில் டிக் அடிக்கலாம், 'திற' பட்டனை டீஃபால்ட்டாக வைத்தால் என்டர் தட்டினாலே போதும். அக்கா கீபோர்டில் இருந்து கையை எடுக்கவே மாட்டார், அவருக்கு இது ரொம்பப் பிடித்தது.

குறைகளுக்கு வருகிறேன். முதலில் அட்மின் உரிமை. எங்கள் ஸ்கேனர் சாஃப்ட்வேர் அட்மின் அனுமதி கேட்டுத்தான் திறக்கும். ரன் கட்டளையால் அதைத் திறக்கவே முடியவில்லை. இணையத்தில் எல்லோரும் சொல்வதுபோல ஸ்கிரிப்டின் மேலே ரிக்வயர் அட்மின் என்று ஒரு வரி போட்டேன், ஸ்கேனர் திறந்தது. ஆனால் அன்று சாயங்காலமே வேறு பிரச்சினை: ஃபோல்டரில் இருந்து போட்டோவை இழுத்து கோரலில் போட்டால் விழ மறுக்கிறது. ஸ்கிரிப்ட் அட்மினாக ஓடினால் அது திறக்கும் அத்தனை புரோகிராமும் அட்மினாகவே ஓடும், சாதாரண உரிமையில் இருக்கும் ஃபோல்டர் விண்டோவில் இருந்து அட்மின் புரோகிராமுக்குள் எதையும் இழுத்துப் போட விண்டோஸ் விடாது. பாதுகாப்புக்காக வைத்த கட்டுப்பாடு அது, ஆட்டோஇட்டின் தப்பு இல்லை. குரோமும் அட்மினாக ஓடுவது அதைவிட ஆபத்து. அந்த வரியை எடுத்துவிட்டு ஸ்கேனருக்கு மட்டும் ஷெல்எக்ஸிக்யூட் போட்டேன், அது விண்டோஸிடம் முறைப்படி அனுமதிப் பெட்டியைக் காட்டச் சொல்லித் திறக்கும். ரிக்வயர் அட்மினை, மற்ற புரோகிராம்களைத் திறந்துவிடும் இந்த மாதிரி லாஞ்சரில் தயவுசெய்து போடாதீர்கள்.

இரண்டாவது, 32 பிட், 64 பிட் விவகாரம். 32 பிட் ஆட்டோஇட்டில் ஓடும் ஸ்கிரிப்டுக்கு சிஸ்டம்32 ஃபோல்டர் என்று சொன்னால் விண்டோஸ் அமைதியாக வேறு ஃபோல்டருக்குத் திருப்பிவிடும், புரோகிராம் ஃபைல்ஸ் என்று கேட்டாலும் எக்ஸ்86 போட்டதைத்தான் கொடுக்கும். திரையில் தெரியும் கீபோர்டைத் திறக்க முயன்றபோது தெரிந்துகொண்டேன், 64 பிட் விண்டோஸில் 32 பிட் ஸ்கிரிப்டில் இருந்து அது திறக்காது. 64 பிட் ஆட்டோஇட்டில் ஓட்டினால் சரியாகிவிடும்.

மூன்றாவதுதான் பெரியது. ஸ்கிரிப்டை ஈஎக்ஸ்ஈயாக மாற்றும் வசதி கூடவே வருகிறது, நானும் மாற்றி மூன்று மெஷினிலும் போட்டேன். மறுநாள் காலையில் ஒரு மெஷினில் அந்த ஃபைலையே காணோம். ஆன்டிவைரஸ் அதை வைரஸ் என்று எடுத்து ஒதுக்கி வைத்திருந்தது. ஆட்டோஇட்டில் செய்யும் எல்லா ஈஎக்ஸ்ஈயிலும் ஒரே இயக்கிதான் உள்ளே இருக்கும், கெட்ட நோக்கத்தில் எழுதுகிறவர்களும் இதே கருவியைப் பயன்படுத்தியிருப்பதால் ஆன்டிவைரஸ்கள் எல்லாவற்றையும் ஒரே கண்ணோடு பார்க்கின்றன. ஒழுங்காக வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய அநியாயம், வெளியே பத்து பேருக்குக் கொடுக்க நினைத்தால் பத்து பேருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். ஈஎக்ஸ்ஈயின் அளவைக் குறைக்கும் யுபிஎக்ஸ் சுருக்கத்தை நிறுத்திவிட்டு மாற்றினால் பிடிபடுவது குறைகிறது. நான் ஈஎக்ஸ்ஈயாக மாற்றுவதையே விட்டுவிட்டேன். மூன்று மெஷினிலும் ஆட்டோஇட்டை நிறுவி, ஸ்கிரிப்டுக்கே ஒரு ஷார்ட்கட் செய்து ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் வைத்துவிட்டேன். இப்போது அந்த ஃபோல்டரில் இருப்பது அது ஒன்றுதான். நிறுவும்போது ஸ்கிரிப்டை இருமுறை கிளிக் செய்தால் ஓட வேண்டுமா எடிட்டரில் திறக்க வேண்டுமா என்று கேட்கும், ஓட வேண்டும் என்பதையே தேர்ந்தெடுங்கள்.

வேறு வழிகளையும் பார்த்தேன். ஆட்டோஹாட்கீ 2003இல் இருந்து வருவது, திறந்த மூலம், கீபோர்டு ஷார்ட்கட் வைப்பதில் ஆட்டோஇட்டைவிட நன்றாக இருக்கிறது, செக்பாக்ஸ் மதிப்பும் 1, 0 என்று நேராக வரும், அந்த ஒரு விஷயத்தில் அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் 2022 டிசம்பரில் வந்த இரண்டாம் பதிப்பின் எழுத்துமுறை முதல் பதிப்பில் இருந்து வேறு. தேடினால் கிடைக்கும் உதாரணங்களில் இரண்டும் கலந்து கிடக்கின்றன, எது எந்தப் பதிப்பு என்று தெரியாமல் ஒட்டிப் பார்த்து ஒரு நாள் போனது. ஏற்கெனவே அது தெரிந்தவர்கள் அதிலேயே செய்யலாம், இங்கே மாறி வரத் தேவையில்லை. பவர்ஷெல் விண்டோஸிலேயே இருக்கிறது, எதையும் நிறுவ வேண்டாம், ஆனால் புதிதாக வாங்கிய மெஷினில் ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதியே மூடித்தான் இருக்கும், ஒரு சின்ன விண்டோவுக்கு எழுத வேண்டியதும் அதிகம். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு செனிட்டி என்று ஒன்று உண்டு, ஒரே வரியில் செக்லிஸ்ட் விண்டோ வந்துவிடும். எங்கள் கடையில் கோரலும் டேலியும் இருப்பதால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

விண்டோ திறந்தே கிடந்தால் மெஷின் மெதுவாகுமா என்று அண்ணாச்சி கேட்டார், நியாயமான கேள்வி. டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினேன், சும்மா இருக்கும்போது சிபியு பூஜ்யத்தில்தான் நிற்கிறது. பட்டன் அழுத்தப்பட்டதா என்று ஸ்கிரிப்ட் சுற்றிச்சுற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தாலும், ஜியுஐ கெட் மெசேஜ் கட்டளை ஒவ்வொரு சுற்றிலும் தானே கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொள்ளும், நாம் தனியாக ஸ்லீப் போட வேண்டியதில்லை.

எஸ்எஸ்டி வாங்க முடிந்தவர்கள் முதலில் அதை வாங்குங்கள், அதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன், வேகத்துக்கு அதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் எஸ்எஸ்டி போட்டாலும் அக்காவுக்கு டேலி தேவையில்லை, அண்ணாச்சிக்கு கோரல் தேவையில்லை. ஒரே மெஷினில் வேறு வேறு வேலைக்கு ஆட்கள் மாறி மாறி உட்காரும் எந்த இடத்துக்கும், பிரவுசிங் சென்டர், இ-சேவை மையம், பள்ளி அலுவலகம், ஆடிட்டர் ஆபீஸ், நான் ஆட்டோஇட்டைத் தைரியமாகச் சொல்வேன். முழு ஸ்கிரிப்டும் எனக்கு 90 வரிக்குள் முடிந்துவிட்டது. ஐந்துக்கு நான்கரை கொடுக்கிறேன். அரை மதிப்பெண்ணைக் குறைப்பது அந்த ஆன்டிவைரஸ் தொல்லைக்காக மட்டும்.

எங்கள் ஊரில் ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள், அதற்கு முந்தைய வாரங்களில் கடையில் யாரும் நிமிர்ந்து பார்க்க நேரமிருக்காது. போன வாரம் தம்பி வந்து, காலண்டர் டெம்ப்ளேட் ஃபோல்டரையும் பட்டியலில் சேர்க்கட்டுமா என்று கேட்டான். ஐஎன்ஐ ஃபைலை எங்கே திறக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவனே ஒரு வரி சேர்த்து, யுடிஎஃப்-16 எல்ஈ என்று மறக்காமல் சேவ் செய்துவிட்டுப் போயிருக்கிறான். காலையில் விண்டோவில் ஒன்பதாவது செக்பாக்ஸ் இருந்தது, 'காலண்டர்' என்று தமிழில், ஓர் எழுத்துகூடச் சிதறாமல்.